‘ஹாலோவீன்’ படத்தின் ஒலி: மாணவர் திகில் படங்களுக்கு ஒரு பாடம்

ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ 1978-இல் வெளிவந்த அமெரிக்கத் திகில் படம். செலவு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். தனியே இசையமைப்பாளரை அமர்த்தப் பணம் இல்லாததால் இயக்குநரே இசையமைத்தார். எழுத்துப் பட்டியலில் வரும் ‘பௌலிங் கிரீன் பில்ஹார்மோனிக்’ உண்மையான இசைக்குழு அன்று. பௌலிங் கிரீன் கார்பென்டர் வளர்ந்த ஊர். ஒரு பியானோ, சில சின்தசைசர்கள், அவற்றைக் கையாள உதவிய டான் வைமன் ஆகியவையே அந்தக் ‘குழு’. மாணவர் படக்குழுவின் வசதிக்கு நெருக்கமான நிலை இது. அதனால்தான் இப்படம் கற்பவர்களுக்குப் பயன்படுகிறது.

தாளம்

இசையும் ஒலி விளைவுகளும் இல்லாத படத்தைப் பார்த்த ஸ்டுடியோ அலுவலர் ஒருவர் சிறிதும் பயப்படவில்லை என்றும், இசையால் படத்தைக் காப்பாற்ற அப்போது முடிவு செய்ததாகவும் கார்பென்டர் பதிவு செய்திருக்கிறார்.

படத்தின் முகப்பிசை ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. இந்தத் தாளத்தை இசைப் பேராசிரியரான தந்தை சிறுவயதில் பாங்கோ மேளத்தில் அவருக்குக் கற்பித்தார். நான்கெண்ணிக்கைக்குப் பழகிய காது, சுற்று முடிந்தது என்று எண்ணும் இடத்தில் இன்னும் ஓர் எண்ணிக்கை மீதம் இருக்கும். ஓய்வு வருமென்று எதிர்பார்த்த இடத்தில் அது கிடைப்பதில்லை. பதற்றம் அங்கே பிறக்கிறது.

ஆனால் இதை அப்படியே நகலெடுப்பது வீண். கண்ட சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து அந்நியமான எண் அல்ல. அதில் கீர்த்தனைகளே உண்டு. பயம் எண்ணில் இல்லை, பழக்கம் மீறப்படுவதில் இருக்கிறது. நம் பார்வையாளருக்கு எது பழக்கம் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இரண்டு விசில் அடித்த குக்கர் மூன்றாவது விசில் அடிக்காமல் நின்றால், நம் வீட்டில் எவரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

மூச்சொலி

படத்தின் முடிவில் சுடப்பட்டு மாடியிலிருந்து விழுந்த கொலைகாரனின் உடலைக் காணவில்லை. அதன்பின் காலியான அறைகளும் மாடிப்படியும் வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முகப்பிசையோடு முகமூடிக்குள்ளிருந்து வரும் அவனது மூச்சும் கேட்கிறது. ஆள் எங்கும் இல்லை. எனவே எங்கும் இருக்கிறான். படத்தின் சிறந்த ஒலி இதுவே. இதற்குத் தேவை ஓர் ஒலிவாங்கியும் ஒரு மனிதரின் மூச்சும் மட்டுமே.

இதே உத்தியை ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் ‘எம்’ படத்தில் கையாண்டார். பின்னணி இசையே இல்லாத அப்படத்தில் கொலைகாரன் கிரீக்கின் மெட்டொன்றைச் சீட்டியடிக்கிறான். பலூன் விற்கும் பார்வையற்றவர் அந்தச் சீட்டியைக் கொண்டே அவனை அடையாளம் காண்கிறார். ஒலி இங்கே அலங்காரமாக இல்லாமல் கதையை நகர்த்துகிறது.

குறை

‘ஹாலோவீன்’ ஒலியிலும் குறை உண்டு. கொலைகாரன் சட்டெனத் தோன்றும் இடங்களில் சின்தசைசர் வெட்டொலி பாய்கிறது. முதல் முறை உடல் துள்ளும். மறுமுறை பார்க்கையில் ஒலி முந்திக்கொண்டு அறிவிப்பதாகத் தோன்றும். பின்வந்த பல படங்கள் இந்த எளிய பகுதியையே எடுத்துக்கொண்டன, மூச்சொலியை விட்டுவிட்டன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘திகில் இசை’யைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒட்டும் மாணவர் படங்களிலும் இதே பிழை. எப்போதும் ஒலிக்கும் எச்சரிக்கை எதையும் எச்சரிப்பதில்லை.

செய்யத்தக்கவை

படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வோர் அறையிலும் எல்லோரும் பேசாமல் நின்று, அறையின் இயல்பொலியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். மின்விசிறி, குளிர்பெட்டி, தெருச் சத்தம் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஆபத்து நெருங்கும் தருணத்தில் அவற்றுள் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். புதிய ஒலியைச் சேர்ப்பதைவிட, இருந்த ஒலி இல்லாமல் போவது பலமாகத் தாக்கும். கதைக்குரிய ஓர் ஒலியைத் தேர்ந்து, அது யாருடையது என்பதைப் பார்வையாளர் முன்கூட்டியே அறியச் செய்ய வேண்டும். இசையை இவற்றுக்குப் பிறகு சேர்த்தால் போதும்.