வெற்றிடம் கேட்கும் வினா

பள்ளிக்கு வராத பிள்ளையைப் "படிப்பில் நாட்டமில்லாதவன்" என்று பழித்துப் பெயரை அடித்துவிடுவது எளிது. ஏன் வரவில்லை என்று தேடிச் செல்வதன்றோ கடினம்! அந்தத் தேடலைத் திரையோவியமாக்கியவர் சீனத்து இயக்குநர் சாங் யிமோ. 1999-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற அப்படத்தின் பெயர், 'ஒருவரும் குறையக்கூடாது' எனப் பொருள்படும்.

மலைப்புறச் சிற்றூர். ஆசிரியர் ஒரு மாதம் விடுப்பில் செல்ல, அவரிடத்தில் அமர்கிறாள் 13 வயதுச் சிறுமி வெய். ஒரு பிள்ளையும் குறையாவிடில் மேற்கொண்டு 10 யுவான் என்பது ஆசிரியர் தந்த உறுதி. ஒருநாள் ஹுய்கே என்னும் குறும்பனைக் காணோம். ஊர் சுற்றப் போனானா? இல்லை! தந்தை இல்லை, தாய் நோயாளி, தலைக்கு மேல் கடன். நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டான் பாலகன். வகுப்பறை குறும்பனைக் கண்டது. கடன் சுமந்த சிறுவனைக் காணவில்லை.

பாடத்தைப் பார்த்தெழுதச் சொல்லிவிட்டு வாயிலில் காவலிருந்தவள் வெய். இப்போது அவனை மீட்கப் பேருந்துக் கட்டணம் வேண்டும். எத்தனை செங்கல் சுமந்தால் அத்தொகை சேரும்? வகுப்பே எழுந்து கணக்குப் போடுகிறது! காவல் தராத கல்வியைத் தேவை தந்தது. கற்பது தம் வாழ்வைத் தொடும்போது பிள்ளைகளை நிறுத்திவைக்கக் கதவு எதற்கு? படத்தின் உயிர்நிலை இக்காட்சியே.

முடிவுதான் நம்மை உறுத்துகிறது. தொலைக்காட்சியில் சிறுமி கண்ணீர் விடுகிறாள், பையன் கிடைக்கிறான், நன்கொடை குவிகிறது, வண்ணச் சுண்ணக்கட்டிகள் வருகின்றன. நம் கண்ணும் கலங்குகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தின் இறுதி வாசகத்தைப் படியுங்கள்: வறுமையால் ஆண்டுதோறும் பள்ளியை விடுவோர் பத்து இலட்சம், உதவியால் திரும்புவோர் நூற்றுக்குச் சுமார் 15. எஞ்சிய 85 பேருக்காக எந்தத் தொலைக்காட்சி அழும்?

1986-இலேயே ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் கண்ட நாடு அது. சிற்றூர்ப் பள்ளிகளில் கட்டணச் சுமை நாடெங்கும் நீங்கியதோ 2007-இல்! சட்டம் அழைத்தது, கட்டணம் தடுத்தது, இடையில் நின்றவன் ஹுய்கே. ஈர நெஞ்சம் ஒரு ஹுய்கேயை மீட்கும். எல்லா ஹுய்கேக்களையும் மீட்க அரசின் திட்டம் வேண்டும். படம் முன்னதோடு மனநிறைவு கொள்கிறது. நாம் கொள்ளலாகாது.

தோழர்களே! வகுப்பில் ஓரிடம் வெறுமையாயிருந்தால் பிள்ளையைக் கடியாதீர். அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே கிடைக்கும் விடையோடு ஆட்சியின் கதவையும் தட்டுங்கள். கல்வி இரக்கத்தின் ஈகையன்று, பிறப்புரிமை!