ருக்மணிதேவி: வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்த்தல்

சிங்களத் திரையின் முதற் கதாநாயகி ஒரு தமிழ்ப் பெண் என்ற வரி, ருக்மணிதேவியைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெருமையோடு எழுதுகிறார்கள், சரிபார்த்து எழுதுகிறவர்கள் குறைவு. மேடை, இசைத்தட்டு, திரை என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நின்ற கலைஞர் அவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் உள்ள தகவல்கள் எல்லாமே ஒரே உறுதி உடையவை ஆகா. படம் வெளியான நாள், இசைத்தட்டு, மரணம் போன்றவை ஊரறிய நடந்தவை. அன்றைக்கே, அவருடைய புகழோடு சம்பந்தமில்லாத காரணங்களுக்காகவும் பதிவானவை. பிறந்த இடம், குடும்பம், முதன்முதல் ஏறிய மேடை ஆகியவையோ அவர் பெயர் பெற்ற பிறகு பின்னோக்கிக் கேட்டு எழுதப்பட்டவை. ஆகவே ஒரு தகவலை ஏற்குமுன், அதை யார், எப்போது, எந்தத் தேவைக்காகப் பதிந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு முன் அவருடைய இறுதி நாள் அசையாமல் நிற்கிறது. 1978 ஒக்டோபர் 28. மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் நிகழ்ச்சி முடித்து நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் வாகன விபத்து. பொலிஸ், ஆஸ்பத்திரி, பத்திரிகை என்று ஒன்றையொன்று சாராத பதிவுகள் இத்தகைய மரணத்தைச் சூழ்ந்து உருவாகும். பிறப்பு அப்படியல்ல. 1923 ஜனவரி 15, நுவரெலியா மாவட்டத்து றம்பொடை என்பது வழமையான குறிப்பு. அதைப் பதிவேட்டில் தேடுகிறவர் ருக்மணிதேவி என்று தேடினால் எதுவும் கிடைக்காது. டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற இயற்பெயரில் தேட வேண்டும். நடிகர் எடி ஜயமான்னவை மணந்த பிறகு மூன்றாவது பெயரும் வந்துவிடுகிறது. பெயர் மாறும் இடத்தில் பதிவேடும் மாறுகிறது; நடிகையரின் வரலாற்றில் நூல் அறுவது பெரும்பாலும் அங்கேதான். நேரடிச் சான்று கையில் இல்லாதபோது பக்கச் சான்று உதவும். இசைக்கலைஞர் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் இசைத்தட்டில் பாடியது 1930களின் இறுதியில். 1923 சரியென்றால் அப்போது அவருக்குப் பதினைந்து பதினாறு வயது, பொருந்துகிறது. திரையுலக வழக்கப்படி யாராவது அதில் ஐந்தாறு வயதைக் குறைத்து எழுதினால், அந்தக் கணக்கில் அந்தக் குரல் ஒன்பது பத்து வயதுச் சிறுமியுடையதாகிவிடும். இது பிறந்த தேதியை நிரூபிக்காது, எல்லை கட்டும். அவ்வளவுதான் அதன் பயன், அதுவே கணிசமானது.

'முதல்' என்ற அடைமொழிக்கு வேறு விதமான சோதனை தேவை. கடவுனு பொரொந்துவ 1947 ஜனவரி 21இல் திரையிடப்பட்ட முதல் சிங்களப் பேசும்படம். அதன் நாயகி ருக்மணிதேவி. இதில் ஐயமில்லை. ஆனால் 1925இலேயே டி. ஏ. ஜே. நூர்பாய் எடுத்த ராஜகீய விக்கிரமய என்ற மௌனப்படம் உண்டு; அது இலங்கையில் திரையேறவே இல்லை. இரண்டாவது பேசும்படமான அசோகமாலா கோயம்புத்தூரில் உருவாகி, அதே 1947இல் சில மாதம் பிந்தி வந்தது. எனவே 'பேசும்பட', 'திரையிடப்பட்ட' என்ற இரு சொற்களை விட்டுவிட்டால் 'முதல்' ஆட்டம் காண்கிறது. மேடையில் அவர் முதல்வரும் அல்லர். 1911இல் திறக்கப்பட்ட கொழும்பு டவர் மண்டபத்தின் நூர்த்தி இசைநாடக மேடையில் அன்னி பொத்தேஜு போன்ற நடிகையர் அவருக்கு முன்பே பெயர் பெற்றிருந்தார்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களிலும் இதே சிக்கல் உண்டு: 1962இன் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர்ப் படம், அடுத்த ஆண்டு வந்த 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றர்ப் படம். எது முதல் என்பதற்கான விடை படச்சுருளின் அகலத்தில் தொங்குகிறது.

எண்ணிக்கையும் அப்படியே. ருக்மணிதேவி நூறை நெருங்கும் படங்களில் நடித்ததாக அடிக்கடி எழுதுகிறார்கள். 1947 முதல் 1978 வரை கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று. தொடக்க ஆண்டில் வந்த சிங்களப் படங்களே இரண்டு! இந்த எண்ணை நம்புமுன் ஆண்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் நடிகை மனோரமாவின் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு படங்கள் என்ற கணக்குகளுக்கும் இதே ஒப்பீடு வேண்டும். நூறு, ஆயிரம் போன்ற முழு எண்கள் வாய்க்கு இலகுவானவை, அதனாலேயே நிலைத்துவிடுகின்றன.

மிகவும் சூடான பகுதி 'தமிழ்ப் பெண்' என்பது. சிலர் தமிழ்க் கிறிஸ்தவர் என்கிறார்கள், சிலர் கொழும்புச் செட்டி என்கிறார்கள். 1981 குடிசன மதிப்பீட்டின் இனப்பட்டியலில் செட்டிகளுக்குத் தனி இடம் இல்லை. 2012இல் 'இலங்கைச் செட்டி' தனிப் பிரிவு. அரசின் பெட்டிகளே மாறியிருக்கும்போது, 1923இல் பிறந்த குழந்தையை இன்றைய பெட்டியில் போட்டு வாதிடுவது காலக் குழப்பம். தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் உறுதியான ஒன்று கையிலேயே இருக்கிறது: கடவுனு பொரொந்துவவைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் உருவானது மதுரையில், அவருடைய சித்திரகலா மூவிடோனில். கதை பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா குழு நாடகம். இயக்கியவர் ஜோதிஷ் சிங். இவை படத்தோடு சேர்ந்தே பதிவானவை, பிறப்பைப் பற்றிய ஊகம் எதையும் சாராதவை.

கலைஞரின் குரலும் நடிப்பும் இருக்க, பதிவேட்டைக் கிளறுவானேன் என்று கேட்கலாம். எவருடைய வரலாற்றில் அவரைச் சேர்ப்பது, எவருடையதில் விடுவது என்பதை இத்தகவல்களே தீர்மானித்து வந்திருக்கின்றன என்பதுதான் பதில். சிங்களத்தில் நடித்தவர் என்று நம்மவர்கள் விட்டுவிட்டார்கள். பிறகு தமிழ்ப் பெண் என்ற ஒற்றை வரியில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் வாழ்க்கை இல்லை. கலைஞரே தன் வாயால் சொன்னதை எப்படி மறுப்பது என்பது அடுத்த கேள்வி. ஒத்திகை, சக நடிகர், மேடை வழக்கம் பற்றி அவர் சொல்லே முதற் சான்று. தான் பிறந்த நாளையும் இடத்தையும் எவரும் கேட்டறிந்தே சொல்ல முடியும். அங்கே அவர் சொல்லும் செவிவழிச் செய்திதான். இதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

தம்பிஐயா தேவதாஸ் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையைத் தொகுத்ததுபோல, சிங்கள மேடையிலும் திரையிலும் உழைத்த தமிழர்களின் தகவல்களையும் ஆண்டுவாரியாக ஒருவர் தொகுக்க வேண்டும். உங்கள் வீடுகளில் பழைய நாடக நோட்டீஸ், படப் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை ஏதும் மிஞ்சியிருந்தால், அச்சான ஆண்டு தெரியும்படி படமெடுத்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள்.