அணியொட்டிக்காலும் இசைத்தூணும்

திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்தில், நடுவண் நிற்கும் பெருந்தூணைச் சூழ 48 சிறுதூண்கள் ஒரே கல்லில் அமைந்திருத்தலைச் சைவ அன்பர் பலரும் கண்டிருப்பர். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்திலும், மதுரைத் திருவாலவாய் ஆயிரக்கால் மண்டபத்தின் அருகிலும் இவ்வகையின உள. சிற்பியர் வழக்கில் இத்தகைய தூண் அணியொட்டிக்கால் எனப்படும். இக்காலத்தாரோ இசைத்தூண் என்றே வழங்குவர். பெயர் மாறவே பார்வையும் மாறியது. அதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

இச்சிறுதூண்களைத் தட்டின் ஓசை எழுமென்பது மெய்யே. மெல்லிய கல் இருதலையும் பிணிப்புண்டு இடையே விடுபட்டு நிற்றலின் அதிர்கின்றது. நீளமும் பருமையும் வேறுபட ஒலியும் வேறுபடுகின்றது. ஆயினும், ஒலித்தல் பற்றியே இவற்றை இசைக்கருவியெனத் துணிதல் பொருந்தாது. அணியொட்டிக்கால் மண்டபங்கள் பலவற்றில், சிறுதூண் நிற்குமிடத்து யாளியும் குதிரைவீரரும் தூணோடு ஒட்டி நிற்றல் காண்க. அவை இசைத்தற்கு ஆகா; தூணுக்கு அணியாதலே அவற்றின் தொழில். சிறுதூணுக்கும் முதற்றொழில் அதுவே. சிற்பி சிலவிடத்து ஒலியையுங் கருதிச் செதுக்கினன் எனக் கொள்ளினும், அஃது அணியின்மேற் பெற்ற சிறப்பேயாம்.

பெருந்தூண் தனித்து நிற்பின் கனமே தோன்றும். சிறுதூண்கள் சூழ்தலால் இடையிடையே ஒளியும் நிழலும் புகுந்து, பெரும்பாரந் தாங்குங் கல்லும் நொய்தாய்த் தோன்றுகின்றது. ஒரு கல்லை உடையாமற் குடைந்து இத்துணைக் கால்களைப் பிரித்த உளியின் அருமை, நின்று நோக்குவார்க்கே புலனாம். தட்டிக் கேட்டு அகல்வார் அதனைக் காணாதே போகின்றனர்.

நிற்க. வழிகாட்டுவார் ஒருவர் தட்ட, வருவோர் யாவரும் விரலாலும் காசாலும் கல்லாலும் தட்டத் தொடங்குகின்றனர். நாடோறும் படும் அடியால் மெல்லிய கால் தேயும், பிளத்தலுங் கூடும். ஒரே கல்லாதலின், முறிந்ததனை நீக்கி வேறொன்றை முன்போல் அமைத்தல் இயலாது. திருக்கோயிலையே இறைவன் திருமேனியெனக் கொள்ளுஞ் சைவர், அம்மேனியின் ஓருறுப்பை விளையாட்டாகப் புடைத்தல் தகுமோ? கோபுரவாயிலிற் கைகுவித்தவர் மண்டபத்துட் கையோங்குதல் முறையன்று.

திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியைத் தொண்டாதல் யாவரும் அறிந்ததே. இத்தூண்களைத் தட்டாது காத்தலும், தட்டுவாரை இன்சொல்லால் விலக்குதலும் அத்தொண்டின்பாற் படும். ஆலய அதிகாரிகளும் அன்பர்களும் இதனைக் கருத்திற் கொள்வாராக.