குடவோலையும் பள்ளிக் குலுக்கலும்

திறனாய்வு என்றால் ஒரு கவிதையையோ புதினத்தையோ எடுத்து ஆராய்வது என்பதே நம்மிடையே வழக்கம். நான் இங்கு எடுத்துக்கொள்வன இரண்டு சட்ட வாசகங்கள். ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919, 921-ஆம் ஆண்டுகளில் கல்லில் வெட்டப்பெற்ற ஊர்ச்சபை விதிகள். மற்றொன்று, 2009-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) என்னும் உட்பிரிவு. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. எனினும், சட்டமும் சொற்களால் ஆனதுதானே. சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கமுடையோர் அதனையும் நிறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

இவ்வெண்ணம் தோன்றிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நம் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த வேளையில், உறவினரைக் காணத் தமிழகம் சென்றிருந்தேன். என் தங்கை மகள் அங்கு ஒரு சிற்றூர்ப் பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். அவள் கணவர் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். நான்கு வயது மகனுக்குத் தனியார் பள்ளி ஒன்றில் இலவச இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பங்கள் இடங்களை விட மிகுந்துவிட்டமையால் அன்று குலுக்கல். "மாமா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று அழைத்தாள், சென்றேன்.

பள்ளிக் கூடத்தில் நீளமேசை ஒன்று. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குடம். அதிகாரி ஒருவர் ஒவ்வொரு சீட்டையும் பெற்றோருக்குக் காட்டி, மடித்து உள்ளே போட்டார். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமியை அழைத்து எடுக்கச் சொன்னார். அவள் கையை விட்டு எடுத்ததும் கூடம் முழுவதும் மூச்சடங்கியது. முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருக்கிறேன். தேர்வு முடிவு வெளியாகும் நாளில்கூட அப்படியோர் அமைதியைக் கண்டதில்லை. என் தங்கை மகளின் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அவள் அழுதாள். அவளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெண்ணும் அழுதாள். அவள் பிள்ளைக்கு இடமில்லை.

உத்தரமேரூர் என் நினைவுக்கு வந்தது அக்குடத்தைக் கண்டபோதுதான். அங்கும் குடம்; அங்கும் சிறுவன். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபை நிறைந்திருக்கும். நம்பிமாருள் முதியவர் ஒருவர் எல்லாரும் காணும்படி அக்குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் கட்டு ஒன்றை எடுக்க, அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை மீண்டும் அவனே எடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குவான். விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிவிடாதிருக்கத்தான். ஓலையைப் படித்த பின்னும் அங்குள்ள நம்பிமார் அனைவரும் மீண்டும் படிக்க வேண்டும். மனிதனின் கைத்திருட்டை இவ்வளவு நுட்பமாக அறிந்து எழுதிய விதிகளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நம் மேடைகளில் குடவோலைப் பெருமை பேசுவோர் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்வர். கல்வெட்டு நிறுத்தவில்லை. குடத்தில் யார் பெயரை இடலாம் என்பதையும் அது சொல்கின்றது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகார். அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலம். அந்நிலத்தில் ஏர் பிடித்தவன் பெயர் எக்குடும்பின் கட்டிலும் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. குடத்துக்குள் நடந்தது அப்பழுக்கற்ற நேர்மை. குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர்க்கு அந்நேர்மையால் ஒரு பயனும் இல்லை.

இக்கண்ணோடு இந்தியச் சட்டத்துக்கு வருவோம். உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில், அல்லது மழலையர் வகுப்பிருந்தால் அதில், நூற்றுக்கு 25 இடங்களுக்குக் குறையாமல் அண்மையில் வாழும் நலிந்த பிரிவினர், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும் என்பது 12(1)(சி). செலவை அரசு ஈடு செய்யும். அதனையடுத்த 13-ஆம் பிரிவு, நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்குவதையும் தடுக்கின்றது. பொறுக்கக் கூடாது என்றபின், இடத்தை மிஞ்சி ஆள் வந்தால் எஞ்சி நிற்பது குலுக்கல் ஒன்றே.

குலுக்கலை இழிவாகப் பேசுவோர் உளர். கல்வியைச் சூதாட்டமாக்கிவிட்டார்கள் என்பர். அவர்களோடு நான் உடன்படேன். தகப்பன் பட்டதாரியா, தாய்க்கு ஆங்கிலம் வருமா என்று கேட்டு மூன்று வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய நேர்காணல்களை விடக் குடம் ஆயிரம் மடங்கு மேலானது. குடத்துக்குச் சாதி தெரியாது. சிபாரிசுக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. தமிழக விதிகளின்படி ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் போன்றோர்க்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு என்பதும் பாராட்டத் தக்கது.

என் குறை வேறு. அச்சட்ட வாசகத்தில் 'அண்மை' என்றொரு சொல் இருக்கின்றதே, அதனை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. யாருக்கு அண்மை? எதற்கு அண்மை? தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று விதி அளந்து வைத்தது. பள்ளியை நடுவில் வைத்து வட்டம் போடுகிறார்கள். நல்ல கட்டணம் வாங்கும் பள்ளி எங்கே எழும்பும்? கட்டணம் கட்டக் கூடியவர் வாழும் தெருவில்தான் எழும்பும். ஆகவே வட்டத்துக்குள் அகப்படும் ஏழை, செல்வர் தெருவின் ஓரத்தில் வாழும் ஏழை. ஏழைகளே கூடி வாழும் குப்பத்துக்கும் சேரிக்கும் மலையூருக்கும் வட்டமே எட்டுவதில்லை. நலிந்த வீட்டைத் தேடிப் புறப்பட்ட சட்டம், நலிந்த வட்டாரத்தை வழியில் தவறவிட்டுவிட்டது. கால் வேலி நிலம் என்று கல்வெட்டு வெளிப்படையாகக் கேட்டதை இச்சட்டம் தன்னை அறியாமலே கேட்கின்றது.

வட்டத்துக்குள் இருப்போரிடத்தும் மற்றொரு வேலி உண்டு. ஆண்டு வருமானம் இரண்டு இலட்சம் ரூபாய்க்குக் குறைவு என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்று, இருப்பிடச் சான்று, பிறப்புச் சான்று, கணினி வழி விண்ணப்பம். என் தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். அவளே இ-சேவை மையத்துக்கு மூன்று முறை நடந்ததாகச் சொன்னாள். அங்குமிங்கும் வேலை தேடி வீடு மாறிக்கொண்டிருக்கும் செங்கற்சூளைக் குடும்பம் எந்த முகவரிக்குச் சான்று வாங்கும்?

இன்னும் சில உள. உச்ச நீதிமன்றம் 2012-இல் உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும், 2014-இல் சிறுபான்மையினர் பள்ளிகள் அனைத்துக்கும் விலக்கு அளித்தமையால், நகரங்களின் பெயர் பெற்ற பள்ளிகள் பல குடத்துக்கு வெளியே நிற்கின்றன. இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகின்றது. பதினான்கு வயதில் அப்பிள்ளை என்ன செய்யும் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. 2025-இல் மத்திய அரசின் நிதி வராமையால் தமிழகத்தில் இச்சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. பள்ளிகள் திறந்து மாதங்கள் பல கழிந்து அக்டோபரில்தான் தொடங்கிற்று.

இக்குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1969-ஆம் ஆண்டு நடுநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வை ஒழித்துக் குலுக்கலைக் கொண்டுவந்தனர். 1974-இல் உயர்நிலைப்பள்ளிகளுக்கும் அது வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரவெல்லாம் தேர்வுக்குப் படித்து உடல் நலியும் கொடுமை அதனால் குறைந்தது. அம்மட்டில் பெரும் நன்மையே. ஆனால் குலுக்கல் ஒவ்வொரு கல்வி வட்டாரத்துக்குள்ளும் தனித்தனியே நடந்தது. புகழ்பெற்ற கியோங்கி உயர்நிலைப்பள்ளி 1976-இல் ஆற்றின் தெற்கே கங்னாம் பகுதிக்குப் பெயர்ந்தது. வேறு பள்ளிகளும் பின்தொடர்ந்தன. பிறகென்ன? வசதியுள்ளோர் தேர்வில் வெல்வதை விட்டு, அவ்வட்டாரத்தில் வீடு வாங்கத் தலைப்பட்டனர். மதிப்பெண்ணின் இடத்தை மனையின் விலை பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2008-ஆம் ஆண்டு இதே கதை வேறு விதமாக நடந்தது. இடம் போதாதபோது தொலைவை அளப்பதை விட்டுக் குலுக்கல் போட்டனர். ஆனால் நகரை முன்னதாகவே பல எல்லைகளாகப் பிரித்துவிட்டனர். பெரிதும் விரும்பப்பட்ட பள்ளிகளின் எல்லைக்குள் நகர்ப்புறத்து ஏழைக் குடியிருப்புகள் பல வரவில்லை.

குலுக்கலே இல்லாத பினாங்கில், பாயான் பாருவில் அமர்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். குடம் நம்மிடம் இல்லை, கோடு உண்டு. நம் கோட்டை முதலில் வரைந்தது தோட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அதனால் தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளி கிடைத்தது. ஆனால் எப்பள்ளி என்பதைத் தோட்டத்து எல்லைக் கல்லே முடிவு செய்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் தோன்றித் தொழிற்சாலைகள் வந்தபின், வேலை தேடிக் குடும்பங்கள் இப்பக்கம் பெயர்ந்தன. பெற்றோர் பெயர்ந்த வேகத்தில் பள்ளிகள் பெயரவில்லை. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இன்றும் அக்கரையில், செபராங் பிறையில் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தாய் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்த கண்கள். எல்லாப் படிவத்தையும் நிரப்பிய பின், "ஐயா, வேனுக்குத்தான் மாசாமாசம் கட்ட வழியில்லை, கொஞ்ச நாள் பொறுத்து வரேன்" என்றார். பிள்ளை வரவில்லை. வேறு ஏதோ பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். எந்த அதிகாரியும் அப்பிள்ளையைத் தடுக்கவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. நானும் அன்று வேன் ஓட்டுநரிடம் பேசிப் பார்த்திருக்கலாம். பதிவேட்டில் ஓர் எண் குறைந்ததாக மட்டும் எண்ணிக்கொண்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கல்வியில் சமவாய்ப்பு என்பதை ஒரு பாடமாகவே நடத்தினர். வாயிலைத் திறந்து வைப்பது சமவாய்ப்பு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இன்று அவ்விடையைத் திருத்த நேர்ந்தால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். வட்டத்தைப் பள்ளியைச் சுற்றிப் போடுவதை விட்டுப் பிள்ளையைச் சுற்றிப் போட வேண்டும். வட்டத்துக்குள் பள்ளி இல்லையென்றால் வண்டிச் செலவை இடத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். சான்றிதழைத் தேடிப் பெற்றோர் அலைவதை விட்டு அலுவலகம் குடியிருப்புக்கு வர வேண்டும். குலுக்கலில் பெயர் வராத பிள்ளை போய்ச் சேரும் அரசுப் பள்ளிக்கும், அதே ஆண்டில், அதே வரவுசெலவில் ஆசிரியர் வேண்டும். இவற்றுள் கடைசியானதே செலவு மிகுந்தது. அதனால்தான் குலுக்கல் நாளில் அதனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

அன்று குலுக்கல் முடிந்து ஆட்டோவில் திரும்பினோம். ஓட்டுநர் நான்கு கிலோமீட்டர் தள்ளிய ஒரு சிற்றூர்க்காரர். தங்கை மகளின் மகிழ்ச்சியைக் கண்டு, எந்தப் பள்ளி, என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார். அவருக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள். நீங்கள் விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டேன்.

"போட்டுப் பார்த்தேங்க. எங்க ஊருக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பள்ளிக்கூடமும் காட்டலை. ஊர்ல ஒன்றியப் பள்ளி இருக்குதுங்க, அதுல விடப்போறேன். டீச்சருங்க நல்லவங்கதான். அஞ்சு வகுப்புக்கும் ரெண்டே பேரு" என்றார்.