அடைக்கலமேரி

திருமானூர்ப் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்கு ஒரு அடைக்கலமேரியையாவது தெரிந்திருக்கும். இப்போது குழந்தைகளுக்கு அந்தப் பெயர் விழுவது அபூர்வம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடமிருந்து வந்த பெயர். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று கலம்பகம் பாடிய வீரமாமுனிவர், 1726இல் தேம்பாவணியில் சூசையை 'வளன்' ஆக்கினார். அர்த்தம் சரிதான், எபிரேய மூலமும் பெருகுவதைத்தான் சொல்கிறது. ஆனாலும் அது பண்டித மொழிபெயர்ப்பு. திண்ணையில் சூசை சூசையாகவே இருந்தார். ஜனங்கள் மேரியைத் தொடவில்லை. முன்னால் ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். 3615 பாட்டுக்களைவிட இந்த ஒட்டு எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. (பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.)

சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. புகலிடமும் அடைக்கலம், பிறர் கையில் ஒப்படைக்கப்பட்டதும் அடைக்கலம். சிலம்பின் அடைக்கலக் காதையில் கவுந்தி மாதரியிடம் ஒப்புவிக்கும் கண்ணகி இரண்டாவது வகை. மாதாவுக்குச் சொல்லும்போது முதல் பொருள். பெண்ணுக்கு வைக்கும்போது?

என்னோடு படித்தவளை வீட்டில் 'அடைக்கலம்' என்றே கூப்பிடுவார்கள். பத்தாவது முடிந்ததும் கொள்ளிடத்துக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே வெறும் மேரிதானாம்.