அட்டைப்பெட்டியில் அச்சிடாத மூன்றெழுத்து

மேஜைக்கு அடியிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். கடிகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைத் திறந்தால், மாலை மாற்றும் இடத்தில் படம் உறைந்து நின்றது. சத்தமும் கூடியது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். டிஸ்கின் நலம் மஞ்சளில் இருந்தது. சி5 என்ற வரிசை, படிக்க முடியாமல் திணறும் செக்டார்களின் கணக்கு. அதில் 8. மறுநாள் காலை 24.

எட்டு வருஷம் உழைத்த 1 டிபி டிஸ்க் அது. இந்த நிலையில் பலரும் செய்யும் தவறு, விண்டோஸின் 'எர்ரர் செக்கிங்'கை ஓட்டிவிட்டுப் பார்ப்போம் என்று உட்காருவது. சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓட்டினால் மிச்ச உயிரும் போகும். முதலில் நகல், மற்றதெல்லாம் அப்புறம். போட்டோக்கள், பிறகு வீடியோக்கள் என்று ஒவ்வொரு ஃபோல்டராக வெளியே எடுத்தேன். இரண்டு வீடியோக்கள் மட்டும் வரவில்லை. அதில் ஒன்று அந்தக் கல்யாணம். அக்கா வீட்டு பீரோவில் டிவிடி இருந்ததால் பிழைத்தது.

அதற்குப் பிறகு வாங்கி, மாட்டி, மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி 2018-ல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5, பி360 மதர்போர்டு. இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அதனால் கணினியை மாற்றாமல் உள்ளே இருக்கும் சேமிப்பை மட்டும் மாற்றினேன்: விண்டோஸுக்கு 1 டிபி டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 எஸ்எஸ்டி, குடும்பச் சேமிப்புக்கு 4 டிபி சீகேட் ஐயன்வுல்ஃப் ஹார்ட் டிஸ்க்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விண்டோஸை இன்னும் சுழலும் டிஸ்கில் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11 மில்லிசெகண்ட் ஆகிறது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தலை நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் நகர ஒன்றுமே இல்லை. எஸ்என்580 வாங்கியதற்குக் காரணம் அதன் வினாடிக்கு 4,150 எம்பி வேகம் அல்ல. என் போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்பதால் 3,500 பக்கம்தான் கிடைக்கும், அதுவே தாராளம். அது ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை என்பதும், 600 டிபி எழுதும்வரை தாங்கும் என்று கம்பெனியே உத்தரவாதம் தருவதும்தான் என்னை அதைத் தேர்ந்தெடுக்க வைத்தன. நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் வரும். மலிவாகக் கிடைக்கும், ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி வகைகள் பலவற்றில் இந்த எண் பாதிக்கும் கீழே போகும். பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் எழுதும்போது வேகமும் சரியும்.

இனி ஹார்ட் டிஸ்க். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 4 டிபி கேட்டேன். "வீட்டுக்குத்தானே சார்? இதையே எடுத்துக்கங்க, எல்லாரும் இதான் வாங்கறாங்க" என்று ஒன்றை எடுத்து வைத்தார். தட்டில் எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று கேட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் இதுல போட மாட்டாங்க சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. பெட்டியில் எங்கேயும் இல்லை. மாடல் எண்ணை போனில் தேடித் தொழில்நுட்பக் குறிப்பைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அது எஸ்எம்ஆர்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின்மேல் ஏறி நிற்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கின்றன. அதனால் அதே தட்டில் அதிகம் எழுத முடிகிறது, தயாரிப்புச் செலவு குறைகிறது. ஆனால் கூரையின் நடுவில் ஒரு ஓடு உடைந்தால் என்ன செய்வோம்? அதன்மேல் ஏறியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் மாற்ற முடியும். இதுவும் அப்படித்தான். நடுவில் ஒரு கோப்பை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் படித்து மறுபடி எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனி, இந்தத் தொல்லை இல்லை.

கொடுமை என்னவென்றால், புதிதாக இருக்கும்போது எஸ்எம்ஆர் நன்றாகவே ஓடும். காலி டிஸ்கில் வரிசையாக எழுதுவதால் குறை தெரியாது. முக்கால்வாசி நிறைந்து, அழித்து அழித்து எழுதும்போதுதான் தெரியும். அக்கா மகனின் டிஸ்க் அப்படிப்பட்டது, ஒன்றரை வருஷம் பழையது. சோதித்துப் பார்க்க வாங்கி வந்தேன். என் போட்டோ ஃபோல்டரை அதில் போட்டபோது முதல் சில நிமிடம் 150 எம்பி வேகத்தில் பறந்தது. பிறகு திடீரென்று 12-க்கு இறங்கியது. சில வினாடி சுழியத்தைத் தொட்டு, மறுபடி 40, மறுபடி 9. நகல் பெட்டியின் பச்சை வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. நகல் முடிந்த பிறகும் உள்ளே தலை நகரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தற்காலிகமாக ஓர் இடைக்கிடங்கில் போட்டு வைத்ததைச் சரியான இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஐயன்வுல்ஃபில் அதே ஃபோல்டர் 170-க்கும் 190-க்கும் நடுவில் ஒரே கோடாகப் போனது. சின்னப் போட்டோக்கள் வந்த இடங்களில் மட்டும் இறங்கியது.

எஸ்எம்ஆரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் நகலுக்கு அது போதும். சொல்லாமல் விற்பதுதான் தப்பு. 2020-ல் இந்த விஷயம் வெடித்தபோது டபிள்யூடி, சீகேட், தோஷிபா மூன்றுமே எந்தெந்த மாடல் எஸ்எம்ஆர் என்று வெளியே சொல்ல வேண்டி வந்தது. நாஸ் எனும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையிலும் அது இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு இணையதளக் குறிப்பில் போடுகிறார்கள். கடையில் நிற்பவர் கையில் இருக்கும் பெட்டியில் போட என்ன தடை? காசு கொடுப்பவருக்கு இது தெரிய வேண்டிய விஷயம். ஐயன்வுல்ஃப் போல நாஸுக்கான டிஸ்கை வீட்டுக் கணினியில் போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். ஐயன்வுல்ஃபுக்கு மூன்று வருஷ உத்தரவாதமும் கிடைக்கிறது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று அன்றைக்கே பாருங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை. கணினியை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகினால் தங்க முனை முழுதும் உள்ளே போகும், பிறகு மறுமுனையை மெல்ல அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ அரிசி அளவுதான் இருக்கும். கீழே விழுந்தால் மதர்போர்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால் காந்த முனை ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொண்டேன். ஹீட்சிங்க் இருந்தால் அதன் ஒட்டுப்பட்டையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். உரிக்காமல் விட்டால் சூடு வெளியேறாது.

ஹார்ட் டிஸ்கைக் கேபினெட்டின் கூண்டில் நான்கு ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். இரண்டோடு விட்டால் அதிர்வு மேஜை வரை வரும். சாட்டா கேபிளின் முனை எல் வடிவம். திருப்பிப் பிடித்து அழுத்தினால் டிஸ்கில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா முனை போதவில்லை என்று சிலர் பழைய நாலு கம்பி முனையிலிருந்து மாற்றும் சின்ன கேபிள் வாங்குகிறார்கள். அதில் ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக் ஊற்றியிருப்பதை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகிப் புகைவது உண்டு.

விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி மட்டும்தான் இணைந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் கணினியை எழுப்பும் சின்னப் பகுதியை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பிறகு என்றோ ஒருநாள் அந்த டிஸ்கைக் கழற்றினால் கணினி எழாது. நிறுவி முடித்து, அணைத்து, அதன் பிறகு ஹார்ட் டிஸ்கை இணைத்தேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் புது டிஸ்கை 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லி ஒரு பெட்டி வரும். ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆரை எடுத்தால் 2 டிபிக்கு மேல் இருக்கும் இடம் பயன்படாது. பழைய டிஸ்கை இணைத்து அதே பெட்டி வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வழிகாட்டும் அட்டவணையே மாற்றி எழுதப்பட்டுவிடும். 4 டிபி வாங்கினால் 3.63 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

ஃபார்மேட் செய்யும்போது 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டேன். முழு டிஸ்கிலும் எழுதிப் பார்க்க ஏழெட்டு மணி நேரம் பிடித்தது. ராத்திரி விட்டுவிட்டுப் படுத்தேன், கணினி யுபிஎஸ்ஸில் இருந்தது. பிறவிக் குறை உள்ள டிஸ்க் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும், கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். ஓடிய மணிக்கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஏற்கெனவே ஓடித் தேய்ந்த டிஸ்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு உள்கணக்கு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். என் டிஸ்கில் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின.

மூன்று மாதத்தில் எனக்குப் பட்ட குறை ஒன்றுதான். இருபது நிமிடம் தொடாமல் விட்டால் டிஸ்க் தூங்கிவிடுகிறது. ஃபோல்டரைத் திறந்தால் தட்டு வேகம் பிடிக்கும்வரை ஏழெட்டு வினாடி காத்திருக்க வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் அந்த நேரத்தைச் சுழியமாக்கினால் சரியாகிவிடும். நான் இரண்டு மணி நேரமாக வைத்திருக்கிறேன். படுக்கையறையில் கணினி வைத்திருப்பவர்களுக்கு இரவில் அந்த மெல்லிய ரீங்காரம் கேட்கும். மொத்தச் சேமிப்பும் 2 டிபிக்குள் அடங்கும் என்றால் ஹார்ட் டிஸ்கே வேண்டாம். இரண்டு எஸ்எஸ்டியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ரெய்டு 1 போடலாமே என்று நண்பர் கேட்டார். அதில் ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அந்தக் காசுக்கு ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன், எஸ்எம்ஆர்தான் என்று தெரிந்தே. மாதத்தின் முதல் ஞாயிறு புதுப் போட்டோக்களை அதில் ஏற்றி, பழைய பனியனில் சுற்றி அக்கா வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். பீரோவில் டிவிடிக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.