எங்கள் பி.ஏ. மேடம்

ஒரு நல்ல பி.ஏ. அமைந்துவிட்டால் நிறுவனத்தின் முகமே மாறிவிடும். யாரோ மேடையில் பேசியதைக் கேட்டு இதைச் சொல்லவில்லை, தினம் தினம் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கரூரில் மேசைவிரிப்பு, ஏப்ரன், கிச்சன் டவல் என்று வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் எங்கள் பி.ஏ. மேடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. அப்படி ஒரு திறமை!

டைப்ரைட்டிங் ஹயர், ஷார்ட்ஹேண்ட் ஹயர் இரண்டும் முடித்தவர். ஆங்கிலத் தட்டச்சு முதுநிலைக்கு நிமிடத்துக்கு 45 சொல், சுருக்கெழுத்து முதுநிலைக்கு 120 சொல் வேண்டும். நான் அறையில் நடந்துகொண்டே சொல்லும் கடிதம், நான் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் அவர் குறிப்பேட்டில் ஏறியிருக்கும். ஆனால் கை வேகம் உள்ளவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எது என்னிடம் வரவேண்டும், எது அவரோடு முடிந்துவிட வேண்டும், எது நாளைக்குக் காத்திருக்கலாம் என்று பிரித்தறிகிற பக்குவம் இருக்கிறதே, அது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

காலையில் நான் வந்ததும் மேசையில் ஒற்றைத் தாள் இருக்கும். இன்று யார் யார் வருகிறார்கள், எந்தக் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது, யாருக்குப் பதில் போகவேண்டும் என்று நீல மையில் வரிசையாக எழுதியிருப்பார். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு அல்லது மூன்று வரி, நான் மட்டுமே முடிவு செய்யவேண்டியவை. ராத்திரி முழுக்க வந்து குவிந்த மெயில்களைச் சலித்தெடுத்து அந்த மூன்று வரியில் நிறுத்துகிறாரே, அந்தத் தாளைப் பார்த்தவுடன் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், பாருங்கள். ஜெர்மனி பையரோடு வாரம் ஒரு வீடியோ மீட்டிங் உண்டு. அவர்களுக்குக் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30. மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், மறுநாளிலிருந்து நமக்கு அது 1.30 ஆகிவிடும். அமெரிக்காவில் இதே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே வந்துவிடும். அக்டோபர் கடைசியில் ஐரோப்பா பழைய நேரத்துக்குத் திரும்பும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பும். நம் கடிகாரமோ அசையாது. இவ்வளவும் எங்கள் மேடத்துக்கு மனப்பாடம். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "சார், அடுத்த வாரத்துல இருந்து ஜெர்மனி மீட்டிங் ஒன்றரைக்கே வந்துருதுங்க. உங்க சாப்பாட்டைப் பன்னண்டே முக்காலுக்கு மாத்தச் சொல்லிட்டேன். மெர்ச்சண்டைசருக்கும் சொல்லியாச்சுங்க" என்றார். மீட்டிங் நேரத்தை யாரும் மாற்றிவிடலாம். அதோடு சேர்ந்து நகரும் சாப்பாட்டையும் ஆளையும் யோசித்தார் பாருங்கள், அதற்குத்தான் நான் கைதட்டுகிறேன்.

ஜனவரி தோறும் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கும். எங்கள் தொழிலுக்கு அது திருவிழா. அங்கே போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னாலாவது கொடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லவேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடைசி நேரப் பரபரப்பு என்பதே எங்கள் ஆபீசில் கிடையாது. யார் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று அவர் குறிப்பேட்டில் தனிப் பக்கமே இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும்போதே ஃபைல் தயாராகிவிடும்.

வாசலில் ஆட்களை நிறுத்துவதும் அனுப்புவதும் தனிக் கலை. ஒருநாள் பையிங் ஏஜென்ட் ஒருவர் வெளியே காத்திருந்தார். அவருக்கு முன்னால் தையல் பிரிவு சூப்பர்வைசரை மேடம் உள்ளே அனுப்பினார். "சார், இவரை அஞ்சு நிமிஷம் பாத்துருங்க. ஏஜென்ட் சாருக்கு டீ சொல்லிட்டேனுங்க" என்றார். சூப்பர்வைசரின் அம்மாவை அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பணம் வேண்டும், கேட்கத் தயங்கி நின்றிருக்கிறார். அவர் வாயைத் திறக்கவே இல்லை, முகத்தைப் பார்த்தே மேடம் புரிந்துகொண்டார். காத்திருந்த ஏஜென்டும் முகம் சுளிக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். பதவியைப் பார்க்காமல் அவசரத்தைப் பார்த்து வரிசை போடுகிற இந்த மனசை எந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள்?

ரகசியம் காப்பதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் காஸ்டிங் ஷீட், யாருக்கு என்ன விலை சொன்னோம், சம்பளப் பட்டியல், என் வீட்டு விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். விலைப் பேச்சு டீக்கடைக்கு டீக்கடை தாவுகிற ஊரில், அவர் வாயிலிருந்து ஒரு பைசா விவரம் வெளியே போனதில்லை. அதே சமயம் என்னிடம் பேசவேண்டியதைப் பேசாமலும் விடமாட்டார். ஒருமுறை டெலிவரி கெடு குறித்துக் கடிதம் எழுதும்போது பேனாவை நிறுத்தி, "பர்ச்சேஸ் ஆர்டர் தேதியில இருந்து 60 நாள்னு போடட்டுங்களா, சாம்பிள் அப்ரூவல் ஆனதுல இருந்துன்னு போடட்டுங்களா?" என்று கேட்டார். ஆர்டர் தேதியிலிருந்து என்று போட்டுவிட்டால், மாதிரி ஒப்புதல் தாமதமாகும் அத்தனை நாளும் நம் தலையில் விழும். அந்த ஒரு கேள்வி அவ்வளவு பெறும்!

இந்த வேலையைச் சின்னதாக நினைப்பவர்களுக்கு மகாதேவ் தேசாயைத்தான் சொல்வேன். 1917இல் காந்தியிடம் செயலராகச் சேர்ந்து, 1942 ஆகஸ்ட் 15 அன்று ஆகா கான் மாளிகைக் காவலில் உயிர்விடும்வரை கால் நூற்றாண்டு உடனிருந்தார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் இல்லையென்றால் காந்தியின் எத்தனையோ நாட்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். குஜராத்தியில் காந்தி எழுதிய சுயசரிதையின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. காந்தியின் கடைசித் தனிச் செயலர் வி.கல்யாணம், 2021இல் சென்னையில் மறையும்வரை அந்த நாட்களைப் பற்றிப் பெருமையோடு பேசிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்களின் நேரத்தையும் சொல்லையும் கையில் வைத்துக் காத்தவர்கள் இவர்கள்.

அதனால் பி.ஏ. தேடும் நண்பர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். இன்டர்வியூவில் டைப்பிங் டெஸ்ட் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ஒரே நேரத்தில் மூன்று பேர் வாசலில் நிற்பதாகச் சொல்லி, யாரை முதலில் அனுப்புவீர்கள், மற்ற இருவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். அந்த இருவருக்கும் மரியாதையாகப் பதில் வைத்திருப்பவரை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு மேனேஜருக்கு நிகரான சம்பளம் கொடுங்கள், விலை பேசும் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் மேடம் இப்போது உட்காருகிறார். அவர் இல்லாமல் ஒரு ஆர்டரும் நான் முடிவு செய்வதில்லை.